குகைக்குள் படகு விட்டவள்

திருடனைப் பிடித்தது வெள்ளிக்கிழமை. அவன் ஒளித்து வைத்திருந்த வெள்ளிச் சாமான்களைப் பிள்ளைகள் கண்டுபிடித்தது அதற்கு அடுத்த வியாழக்கிழமை. சினிமாக்காரர்கள் வேலை செய்கிற லட்சணம் இதுதான். திருடனாக நடித்தவருக்குத் திங்கட்கிழமை லண்டனில் ஒரு நாடகம் இருந்தது. அதனால் முதலில் அவருக்கு விலங்கு மாட்டி ரயிலேற்றிவிட்டு, அப்புறம் சாவகாசமாக அவர் திருடியதைத் தேடும் காட்சியைப் படம் பிடித்தார்கள். லண்டனிலிருந்து வெகுதூரம் தள்ளிக் கடலோரம் இருக்கும் எங்கள் போர்த்வீன் ஊரில் மீன் பிடிக்கிற ஒருவருக்கும் இந்தக் கணக்குப் புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்தது. வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து, ஜூலை மாதம். எனக்குப் பதினொரு வயது, பெயர் லவ்டே. சித்தி மகள் வென்னா என்னைவிட மூன்று மாதம் இளையவள், வெளியாரிடம் என்னை அக்கா என்றுதான் சொல்வாள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் சித்தி வீடு. இரண்டு பேருக்கும் இடுப்பு வரை செம்பட்டை முடி, இரட்டைப் பின்னல். பின்னாலிருந்து பார்த்தால் எங்கள் அம்மாக்களே பெயரை மாற்றிக் கூப்பிடுவார்கள். முன்னாலிருந்து பார்த்து யாரும் ஏமாந்ததில்லை. அவள் அழகி. நான் அப்பாவின் மூக்கோடு பிறந்தவள்.

சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கென்றே தியேட்டரில் ஒரு காட்சி போடுவார்கள். அதற்கான படம் அது. விடுமுறைக்கு வந்த நான்கு லண்டன் பிள்ளைகள், ஒரு நாய், ஒரு மர்மம், கடைசியில் போலீஸ். லண்டன் பிள்ளைகளுக்கு வழி காட்ட ஒரு மீனவச் சிறுமி வேண்டும் என்று டைரக்டர் கார்லெஸ் எங்கள் பள்ளிப் பெண்களைத் துறைமுகச் சுவரோரம் வரிசையாக நிற்க வைத்தார். யாருக்குப் படகு வலிக்கத் தெரியும் என்று கேட்டார். முதலில் தூக்கிய கை என்னுடையது. ஆறு வயதிலிருந்து அப்பாவின் சின்னப் படகை வலிக்கிறேன். வென்னா கையே தூக்கவில்லை. அவள் வலித்தால் படகு ஒரே இடத்தில் சுற்றும். கார்லெஸ் என்னைத் தாண்டிப் போய் அவள் முன்னால் நின்றார்.

"படகு வலிக்க யாருக்கு வேணா சொல்லிக் குடுத்துடலாம். இந்த முகம் கெடைக்குமா?" என்றார் உதவியாளரிடம். எனக்குக் காது கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ.

சொல்லிக் கொடுக்கும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. மூன்று நாள் துறைமுகத்துக்குள் அவளை உட்கார வைத்துத் துடுப்பைப் பிடிக்கக் கற்றுக் கொடுத்தேன். புதன்கிழமை, கண்ணாடி மாதிரி அசையாத தண்ணீரில், இருபது கெஜ தூரம் அவள் வலித்ததைப் படம் பிடித்தார்கள். அவள் காமிராவைப் பார்த்துச் சிரித்தாள். சுற்றி நின்ற லண்டன்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இதை வேறு நல்ல வார்த்தையில் சொல்ல இத்தனை வருடமாக முயற்சி செய்து பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

அதைவிட மோசம் வெள்ளிக்கிழமை. திருடனைப் பிடிக்கும் காட்சிக்குக் கரையில் ஒரு கூட்டம் நிற்க வேண்டும். என்னையும் கூப்பிட்டார்கள், மூன்றாவது வரிசையில் நிறுத்தினார்கள். அந்த இடம் எப்படிக் கிடைத்தது என்று பிறகுதான் தெரிந்தது. என் அக்காவும் வரட்டும் என்று வென்னா போய்க் கார்லெஸிடம் கேட்டிருக்கிறாள். கேட்டதை என்னிடம் சொல்லிக்காட்டவும் இல்லை. சொல்லிக்காட்டியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருப்பேன். எனக்கு முன்னால் நின்ற மீன்காரரின் தொப்பி என் முகத்தை முழுவதும் மறைத்துக்கொண்டிருந்தது.

காட்சி முடிந்ததும் எல்லாருக்கும் டீயும் குங்குமப்பூ பன்னும் கொடுத்தார்கள். கார்லெஸ் வென்னாவின் கையைக் குலுக்கினார், ஊர் கை தட்டியது. திருடன் பிடிபட்டுவிட்டான், எல்லாரும் ஆரவாரம் செய்தாயிற்று, இதற்கு மேல் படத்தில் என்ன இருக்கும்? தியேட்டரில் இந்த இடம் வந்ததும்தானே எல்லாரும் எழுந்து தொப்பியைத் தேடுவார்கள். வெள்ளிச் சாமான்களைக் கண்டுபிடிக்கும் குகைக் காட்சியை லண்டனில் மரத்தால் குகை கட்டி எடுக்கப் போவதாக வந்த அன்றே சொல்லியிருந்தார்கள். ஆகவே வென்னாவின் வேலை முடிந்தது என்று சித்தி முடிவு கட்டிவிட்டாள். வென்னாவுக்கும் முழுக்கதை தெரியாது. அன்றன்றைக்குப் பேச வேண்டியதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையில் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஊரே சேப்பலில் ஜெபத்துக்குக் கூடியிருந்தது. நான் வயிற்று வலி என்று சொல்லி வீட்டில் படுத்துவிட்டேன். சேப்பல் மாமிகள் வென்னாவின் கன்னத்தைக் கிள்ளுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நான்கு மணி சுமாருக்குச் சித்தி வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள், அப்புறம் எங்கள் கதவை. நான் ஜாம் தடவிய ரொட்டியோடு போய்த் திறந்தேன். மிஸ் தோர்ன் நின்றார்.

இந்த அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழுத்தில் கயிறு கட்டி ஒரு நோட்டுப் புத்தகம், காதில் பென்சில். ஒரே காட்சியை இன்றைக்குப் பாதி, அடுத்த வாரம் பாதி என்று எடுப்பதால், எந்தக் காலில் சாக்ஸ் சரிந்திருந்தது, எந்தப் பின்னல் தோளுக்கு முன்னால் கிடந்தது என்றெல்லாம் எழுதி வைத்து, அடுத்த வாரமும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. சுருக்கமாகச் சொன்னால், எதையும் மறக்காமலிருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்.

கார்லெஸ் அன்று காலையில் எங்கள் ஊர்க் குகையை நேரில் பார்த்துவிட்டு மனம் மாறிவிட்டாராம். மரத்தில் கட்டினால் இந்த மாதிரி வருமா என்று குதித்தாராம்.

"வியாழக்கிழமை காலையில கடல் தோதா இருக்காம். அன்னிக்கு விட்டா அப்புறம் ரெண்டு வாரம் ஆகுமாமே. வென்னா படகு வலிச்சுக் குகைக்குள்ள வரணும். அந்தப் பின்னல்ல ஒத்த முடி மாறக் கூடாது, புரிஞ்சுதா? வந்ததும் சொல்லிடு கண்ணு."

"சொல்லிடறேன் மிஸ்," என்றேன்.

சொல்லக் கூடாது என்று அப்போது நினைக்கவில்லை. சத்தியமாக இல்லை. சேப்பலிலிருந்து அவர்கள் வந்தபோது வென்னா கையில் யாரோ கொடுத்த பூங்கொத்து இருந்தது. சரி, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். திங்கட்கிழமை அப்பா சாப்பாட்டு வேளையில் வென்னாவைப் பற்றியே பேசினார். சொல்லத்தான் இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே என்று விட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சித்தி என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். அந்தச் சனிக்கிழமை, ஞாயிறுதோறும் சேப்பலில் பைபிள் சொல்லித்தரும் பள்ளியின் ஆண்டு விழா. பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் நாங்கள் வெள்ளை உடையில் ஊர்வலம் போவோம், ஆளுக்கு முகத்தளவு பன் கிடைக்கும். லண்டன் பிள்ளைகளில் ஒருத்தியாக நடித்த கதாநாயகி ஜில்லியனுக்குக் குட்டையாக வெட்டிய சுருட்டை முடி. அதே மாதிரி வேண்டும் என்று வென்னா ஒற்றைக் காலில் நின்றிருக்கிறாள். சித்தியும் பக்கத்து டவுனான பென்சான்ஸில் ஒரு கடையிலிருந்து வீட்டிலேயே முடி சுருட்டும் மருந்துப் பெட்டி ஒன்று வாங்கி வந்துவிட்டாள். படம்தான் முடிந்துவிட்டதே.

வென்னா அடுப்படியில் முக்காலியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சித்தி கத்தரிக்கோலை எடுத்தாள். அந்தக் கணத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் போதும். ஒரு வாக்கியம். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதாகச் சொன்னால் பொய். நாக்கு நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பின்னலும் மேஜையில் விழுந்தன. சித்தி உடனே இரண்டையும் அடுப்பில் போட்டாள். வெட்டிய முடியை வெளியே எறிந்தால் குருவி எடுத்துப் போய்க் கூடு கட்டும், முடிக்காரிக்கு ஆயுசு பூரா தலைவலி வரும் என்று எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் எரித்துவிடுவார்கள். பொசுங்குகிற நாற்றத்தில் நான் இருமினேன்.

அப்புறம் அந்த மருந்து. அழுகிய முட்டை அதற்குத் தேவலை. ஒவ்வொரு கற்றைக்கும் ஒரு சின்னக் காகிதத்தைச் சுற்றி உருளையில் சுருட்ட வேண்டும். காகிதம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. முப்பத்திரண்டு காகிதம். இப்போது சொல்லலாம் என்று முதல் காகிதத்தில் நினைத்தேன், இனிமேல் சொல்லி என்ன பயன் என்று இரண்டாவதில் நினைத்தேன். மீதி முப்பதும் எனக்கு ஒரு சிரமமும் தரவில்லை. உள்ளுக்குள் எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

"நல்லாருக்காடி?" என்று கடைசியில் வென்னா கேட்டாள். தலை காலிஃபிளவர் மாதிரி இருந்தது. ரொம்ப நன்றாக இருக்கிறது என்றேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் அவளை அழைத்துப் போகக் கார் வந்தது. சித்தி ஒன்றும் புரியாமல் அவளை ஏற்றிவிட, நானும் தொற்றிக்கொண்டேன். கடற்கரையில் வென்னா தலைத்துணியை அவிழ்த்ததும் கார்லெஸ் வாயிலிருந்து சேப்பலுக்குப் போகிற எங்கள் ஊரில் யாரும் கேட்டிராத வார்த்தைகள் வந்தன. லண்டனிலிருந்து பொய்முடி வரவழைக்க நான்கு நாள் ஆகும், கடல் காத்திருக்காது. அவர் மிஸ் தோர்னின் பக்கம் திரும்பினார். சொல்லி அனுப்பினாயா இல்லையா, இதற்குத்தான் உன்னை வேலைக்கு வைத்திருக்கிறேனா என்று ஐம்பது பேர் முன்னிலையில் காய்ச்சி எடுத்தார். மிஸ் தோர்ன் கழுத்தில் தொங்கிய நோட்டைப் பிடித்தார். என்னைப் பார்த்தார். கார்லெஸும் பார்த்தார், ஆனால் அவர் பார்த்தது என் பின்னலை.

"திரும்பி நில்லு பாப்பா," என்றார். நின்றேன். அவ்வளவுதான், என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

உடை மாற்றும் கூடாரத்தில் மிஸ் தோர்ன் என் பின்னலைச் சரி செய்தார். பிறகு நோட்டைப் புரட்டி, குரலை உயர்த்தாமல் படித்தார்.

"ஞாயிறு, நாலு பத்து. பக்கத்து வீட்டுப் பொண்ணு கதவைத் தொறந்தா. இடது கன்னத்துல ஜாம். வியாழக்கிழமை விஷயம் சொல்லியாச்சு, சொல்லிடறேன்னா." நோட்டை மூடினார். "நான் எதையும் மறக்கறதில்ல. இதை இப்ப அவர்கிட்ட காட்டினா உன்னை வெரட்டிடுவார். நீ போயிட்டா இன்னிக்குப் படம் கெடையாது. அதனால திட்டு என்னோட இருக்கட்டும். போய்ப் படகுல உக்காரு."

எனக்கு முகம் சிவந்தது. வெட்கப்பட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் படகில் உட்கார்ந்ததும் அது போய்விட்டது.

வென்னாவின் நீலக் கம்பளிச் சட்டையை நான் போட்டிருந்தேன். அவளே கழற்றிக் கொடுத்தாள், கழுத்துப் பொத்தான் இறுக்கும், மேலே உள்ளதை விட்டுவிடு என்று சொன்னாள். பாறைமேல் நின்று கை காட்டினாள். அவள் முகத்தில் ஏமாற்றம் இருந்தது, என் மேல் சந்தேகம் துளியும் இல்லை.

காமிராவைக் குகைக்குள்ளே பாறைமேல் வைத்திருந்தார்கள். படகு வலிப்பவள் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தானே உட்காருவாள். ஆகவே குகைக்குள் வரும் என் முதுகும் பின்னலும் மட்டும் விழும். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஜில்லியனின் முகம் முழுசாக விழும். சும்மா உட்கார்ந்து வருகிறவளுக்கு முகம், வலிக்கிறவளுக்கு முதுகு. எங்கள் ஊரில் எவரும் அந்தக் குகை வாயில் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்காமல் நுழைய மாட்டார்கள், இரண்டு பக்கமும் பாறை. நான் திரும்பக் கூடாது என்று கார்லெஸ் சொல்லிவிட்டார். பாறைமேலிருந்து ஆள் சத்தம் கொடுப்பான், அதைக் கேட்டு வலிக்க வேண்டும்.

இரண்டு முறை ஒத்திகை. "முகத்தைக் காட்டாத வென்னா," என்று கத்தினார்.

"என் பேரு லவ்டே, சார்."

"இன்னிக்கு நீ வென்னாதான்."

நிஜமாகப் படம் எடுத்தபோது பின்னாலிருந்து ஒரு அலை வந்து படகைத் தூக்கியது. ஜில்லியன் அலறியது நடிப்பில்லை. நான் இடது துடுப்பால் பாறையை உந்தி, விரல் முட்டி தோலுரிய, படகை நேராக்கி உள்ளே விட்டேன். நுழைகிற நேரத்தில் திரும்பிப் பார்த்தேன். பாறைக்காக என்று பிறகு கார்லெஸிடம் சொன்னேன். பாறையைப் பார்க்க அவசியமில்லை, படகு நேராகிவிட்டது. நான் பார்த்தது காமிராவைத்தான். என் மூக்கு, என் முகம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று பார்த்தேன். அதற்குள் குகை வாயில் விழுந்த வெயில் நகர்ந்துவிட்டது, கடலும் கெட்டுவிட்டது, இன்னொரு முறை எடுக்க முடியவில்லை. ஆகவே என் முகம் அந்தப் படத்தில் இருந்தாக வேண்டும். அந்த எண்ணத்தோடு எட்டு மாதம் தூங்கி எழுந்தேன்.

அடுத்த மார்ச்சில் படம் பென்சான்ஸ் தியேட்டருக்கு வந்தது. படத்தில் முத்தம் எதுவும் இல்லை என்று விசாரித்துவிட்டு எங்கள் பாதிரியார் பேருந்துக்கு ஏற்பாடு செய்தார். உள்ளே நானூறு பிள்ளைகள், நடுவில் நானும் வென்னாவும். அவளுக்கு முடி தோள் வரை வளர்ந்திருந்தது. சனிக்கிழமைக் காட்சியில் யாரும் பேசாமல் படம் பார்ப்பதில்லை. திருடனை ஏசினார்கள், நாய்க்கு விசிலடித்தார்கள். வென்னா வந்தபோது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கத்தினார்கள்.

அப்புறம் குகை. இருட்டான திரையில் ஒரு வெளிச்ச வாய், அதில் ஒரு முதுகு, இரண்டு பின்னல். அலை தூக்கியதும் நானூறு பிள்ளைகளும் மூச்சை இழுத்தார்கள். துடுப்பு பாறையில் மோதி, படகு நேரானதும் தரையில் காலால் உதைத்து ஒரு சத்தம் எழுப்பினார்கள் பாருங்கள், அன்று காலை அந்தத் தியேட்டரில் அதுதான் பெரிய சத்தம். அது எனக்கு. திரையில் என் தலை திரும்ப ஆரம்பித்தது. என் கன்னத்தின் ஓரம் தெரிந்தது. உடனே வென்னாவின் முகம் வந்தது, திரை முழுவதும். துறைமுகத்தில் புதன்கிழமை சிரித்தாளே, அந்தச் சிரிப்பு.

பிள்ளைகள் எழுந்து நின்று கத்தினார்கள். பின் வரிசையிலிருந்து கைகள் நீண்டு வென்னாவின் முதுகில் தட்டின. விளக்குப் போட்டதும் தியேட்டர் மேனேஜர் மேடையேறி, படத்தில் நடித்த நம்மூர்ப் பெண் இங்கே இருக்கிறாளாமே என்றார். வென்னா எழுந்து நின்றாள்.

"அந்தக் குகையில படகு விட்டது நான் இல்ல. எங்க அக்கா. இதோ, இவதான்," என்று என் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

யாரும் நம்பவில்லை. அதான் முகத்தைப் பார்த்தோமே என்றான் ஒருவன். ஆரஞ்சுத் தோல் ஒன்று வந்து விழுந்தது. வென்னா விடாமல், கண்ணில் நீர் முட்ட, இவதான், இவதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மேனேஜர் கையமர்த்தி, என்னைப் பார்த்துக் கேட்டார், நீயாம்மா அது என்று.

நான் கேட்டதெல்லாம் இதைத்தானே. நானூறு முகங்கள் என் பக்கம் திரும்பியிருந்தன. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் என் கை அவள் கையில் இருந்தது. அவள் தூக்கிப் பிடித்ததால்தான் அது மேலே நின்றது. இதுவும் அவள் கொடுத்துத்தான் எனக்கு வர வேண்டுமா என்று நெஞ்சு கொதித்தது.

"நான் இல்ல சார். அவதான். சும்மா சொல்றா," என்றேன்.

தியேட்டர் சிரித்தது. என்ன அடக்கம் பார் இந்தப் பெண்ணுக்கு என்று வென்னாவுக்கு இன்னொரு தடவை கை தட்டினார்கள்.

திரும்பும் பேருந்தில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிறகு ஏன் இல்லையென்று சொன்னாய் என்று கேட்டாள். ஊர் பூராவும் இனி அவளைத்தான் குகைக்குள் படகு விட்டவள் என்று சொல்லும், பொய்யாக ஒரு பெயரை எப்படிச் சுமப்பது என்று அழுதாள். அந்த அழுகையைப் பொறுக்க முடியாமலா, அல்லது அவள் என்னை ஒரு தடவையாவது வெறுக்க வேண்டும் என்றா, எனக்கே தெரியாது. சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மிஸ் தோர்ன் வந்தது, பின்னலைத் தொடக் கூடாது என்றது, நான் வாயை மூடிக்கொண்டு காகிதம் எடுத்துக் கொடுத்தது, எல்லாம்.

வென்னா தன் தோளில் கிடந்த அரைகுறை முடியைத் தொட்டுப் பார்த்தாள். கோபத்துக்காகக் காத்திருந்தேன்.

"ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள். "அந்தக் குகையைப் பாத்தாலே எனக்குக் கை நடுங்கும். அக்கா வலிக்கட்டும்னு நானே அவர்கிட்ட சொல்லியிருப்பேனே."

சொல்லியிருப்பாள். மூன்றாவது வரிசையை வாங்கிக் கொடுத்த மாதிரி அதையும் வாங்கிக் கொடுத்திருப்பாள். அது எனக்குச் செவ்வாய்க்கிழமையே, சித்தியின் அடுப்படியில் முதல் காகிதத்தை நீட்டும்போதே தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை.